கார்வோனில் ஒரு பிணைப்பை மட்டும் ஹைட்ரஜனேற்ற

சதகுப்பை விதை எண்ணெய்க்கு மணம் தரும் கார்வோனில் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புகள் இரண்டு. ஒன்று வளையத்துக்குள், கார்பனைலை ஒட்டி இருக்கிறது. மற்றது வெளியே, ஐசோபுரொப்பினைல் கிளையில். வெளியே உள்ளதை மட்டும் நிரப்பினால் கார்வோடனாசிட்டோன் கிடைக்கும்.

வினையூக்கியைச் சரியாகத் தேர்ந்தாலே பாதி வேலை முடிந்தது. கரியில் ஏற்றிய பல்லேடியம் வெளிப் பிணைப்போடு நிற்காது, வளையத்தையும் நிரப்பத் தொடங்கும். வில்கின்சன் வினையூக்கிதான் இதற்கு ஏற்றது. அதன் ரோடியத்தைப் பருத்த டிரைஃபீனைல்பாஸ்பீன்கள் நெருக்கிச் சூழ்ந்திருப்பதால், முனையில் திறந்திருக்கும் பிணைப்பே எளிதில் உள்ளே நுழைகிறது. மூன்று தொகுதிகள் தாங்கிய வளையப் பிணைப்பு மிக மெதுவாகவே வினைபுரியும். கார்பனைல் அப்படியே இருக்கும்.

1 கிராம் கார்வோனுக்கு 90 மில்லிகிராம் வினையூக்கியும் 16 மில்லி டொலுவீனும் போதும். பழைய செய்முறைகளில் பென்சீன் இருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும், வேண்டாம்.

முதலில் டொலுவீனில் நைட்ரஜனைக் குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். இதில் அவசரம் கூடாது. கரைசலில் ஆக்சிஜன் இருந்தால் பாஸ்பீன் ஆக்சிஜனேற்றமடைந்து வினையூக்கி கெடும். பிறகு புகைபோக்கி அறைக்குள், அருகில் தீயோ பொறியோ இல்லாமல், வினையூக்கியைச் சேர்த்த குடுவையை வெற்றிடமாக்கி நைட்ரஜன் நிரப்புங்கள். மும்முறை செய்தபின் அதே விதமாக ஹைட்ரஜனுக்கு மாறுங்கள். காற்றுள்ள குடுவைக்குள் ஹைட்ரஜனை விடவே கூடாது.

வினையூக்கி முழுதும் கரையும்வரை ஹைட்ரஜனில் கலக்குங்கள். அதுவும் சிறிது ஹைட்ரஜனை இழுக்கும் என்பதால், அதன் பின்னரே வாயு பியூரெட்டின் தொடக்க அளவைக் குறியுங்கள். அடுத்து கார்வோனைச் சிரிஞ்சில் செலுத்துங்கள்.

1 கிராமுக்குத் தேவையான ஹைட்ரஜன், 30 டிகிரி செல்சியஸில், வளிமண்டல அழுத்தத்தில், சுமார் 166 மில்லி. நீரின் மேல் அளந்தால் நீராவி அழுத்தத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். உறிஞ்சும் வேகம் அந்த அளவை நெருங்கும்போது நன்றாகக் குறையும். அங்கே நிறுத்துங்கள்; இரவு முழுக்க ஓடவிட்டால் வளையப் பிணைப்பும் நிரம்பத் தொடங்கும்.

ஹைட்ரஜனை நைட்ரஜனால் வெளியேற்றி, கரைசலைச் சிலிக்கா ஜெல் வழியே ஈதரால் கழுவி வடித்துக் கரைப்பானை அகற்றுங்கள். புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையில் 4.8 பிபிஎம் அருகிலுள்ள குறிகள் மறைந்து, 6.7 அருகிலுள்ளது நிலைத்திருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

ரோடியம் படிந்த சிலிக்காவைக் குப்பையில் போடாமல் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள். விலையுயர்ந்த அந்த உலோகத்தை மீட்டெடுக்க முடியும்.