கிணற்று நீரும் பிரிவு அளவும்

பாலாற்றங்கரையிலுள்ள இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. பச்சைத்தோல் அழுகாதிருக்கும்பொருட்டு அதன்மேல் உப்பைத் தூவி வைப்பர். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவி நீக்குவர். கழுவிய நீர் நெடுங்காலம் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டமையால், அயலிலுள்ள கிணறுகள் பல உவர்த்தன. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பு வழங்கியது. ஓரளவாகவோ முற்றிலுமாகவோ பயிர்செய்யத் தகுதியிழந்த நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்னும் ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பெற்றது. ஓரளவு கெட்டது எத்துணை, முற்றும் கெட்டது எத்துணை என்பது அவ்வோரெண்ணால் விளங்காது. இரண்டும் ஒரே பிரிவில் அடங்கிவிட்டன அல்லவா?

மாணவர்களே! நாற்பது கிணறுகளின் நீரை நாம் சோதிப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் எடை, மிகக் குறைந்தது 300 மில்லிகிராம், மிக உயர்ந்தது 4,100 மில்லிகிராம் எனக் கொள்க. வீச்சு 3,800. இவ்வெண்களைப் பிரிவுகளாக்கி நிகழ்வெண் பட்டியல் அமைக்க வேண்டும். பிரிவின் அளவு யாது?

ஐம்பது எனக் கொண்டால் எழுபத்தாறு பிரிவுகள் வேண்டும். நாற்பது கிணறுகளுக்கு எழுபத்தாறு அறைகள்! பெரும்பாலானவை வெறுமையாய்க் கிடக்கும். இரண்டாயிரம் எனக் கொண்டாலோ, இனிய நீரும் நாவில் கரிக்கும் நீரும் ஒரே பிரிவில் ஒடுங்கும்.

1926-இல் ஸ்டர்ஜஸ் என்னும் அறிஞர் ஒரு சூத்திரம் வகுத்தார். எண்ணிக்கையின் பத்தடிமான மடக்கையை 3.322-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், பிரிவுகளின் தொகை கிடைக்கும். நாற்பதுக்கு அஃது ஏறத்தாழ ஆறு. 3,800-ஐ ஆறால் வகுக்க 633 வரும். 600 எனக் கொள்ளத் தோன்றும். ஆயின் 300-இல் தொடங்கினால் மூன்றாம் பிரிவு 1,500 முதல் 2,100 வரை அமையும். இங்கேதான் இடர்ப்பாடு. இந்தியக் குடிநீர்த் தரவரையறை 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடையாதவிடத்து 2,000-ஐ உச்ச வரம்பாகவும் கொள்கிறது. 1,950 உள்ள கிணற்றையும் 2,050 உள்ள கிணற்றையும் ஒன்றாய் எண்ணும் பட்டியல் குடிப்பவனுக்கு என்ன பயன் தரும்? சூத்திரம் கிணற்றை அறியாது.

ஆகவே பிரிவு அளவை 500 எனக் கொண்டு சுழியத்திலிருந்து தொடங்குவோம். ஒன்பது பிரிவுகள் வரும், சூத்திரம் கூறியதினும் சில மிகுதி, அதனாற் குற்றமில்லை. 500, 2,000 ஆகிய இரண்டும் பிரிவுகளின் எல்லைகளாகவே அமைந்துவிடும்.

சரியாக 2,000 உள்ள கிணற்றை எங்கே சேர்ப்பது? பாடநூல்களில் மேலெல்லை அடுத்த பிரிவைச் சாரும் என்பது வழக்கம். இங்கு அவ்வாறு செய்தல் தகாது. தரவரையறை 2,000 வரை இசைவளிக்கிறது. ஆதலின் ‘1,500-க்கு மேல் 2,000 வரை’ எனப் பட்டியலின் தலைப்பிலேயே தெளிவாக எழுதுதல் வேண்டும்.