பால்வெட்டும் வீட்டிலிருந்து பெங்களூருக்கு

கேள்வி: அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். நான் நெல்லை அரசு சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் எல்.எல்.எம். கிடைக்குமா?
- ஒரு வாசகி, திற்பரப்பு

பதில்: ஏன் கிடைக்காது? சட்டப் படிப்பில் 50 சதவீதம் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45) போதும். இறுதியாண்டிலேயே சேர்க்கைக்கான கிளாட் முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதலாம். 2 மணி நேரம், 120 கேள்விகள், அத்தனையும் ஆங்கிலத்தில். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். தீர்ப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்பார்கள். எனவே கைடை மூடிவையுங்கள். உதாரணத்துக்கு, 1973-ன் கேசவானந்த பாரதி தீர்ப்பு சுமார் 700 பக்கம். பென்சிலால் கோடிட்டு, தினமும் பத்துப் பக்கம் மூலத்தையே படியுங்கள். விருப்பப் பட்டியலில் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமீப ஆண்டுகளில் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. விண்ணப்பத்தை இப்போதே கவனியுங்கள்.