கணக்கைவிட கோடிங் ஏன் இழுக்கிறது?

கேள்வி: நான் வங்கி ஊழியர். கல்லூரியில் கணிதம் படித்தவன். எண் கோட்பாட்டுப் புத்தகத்தை எடுத்தால் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. பைத்தானில் கோட் எழுத உட்கார்ந்தாலோ நள்ளிரவாவதே தெரிவதில்லை. எனக்குக் கணிதத்தில் உண்மையான ஆர்வம் இல்லையா சார்?

பதில்: ஆர்வம் இல்லாதவர் அந்தப் புத்தகத்தைக் கையிலேயே எடுத்திருக்க மாட்டார். கோட் உடனுக்குடன் பதில் சொல்கிறது. இடறினால், எந்த வரியில் என்று எர்ரர் வந்து நிற்கும். அரைகுறை நிரல்கூட எதையாவது செய்துகாட்டும். நிரூபணத்தில் தவறான ஒரு படியின் மேல் ஒரு வாரம் கட்டிக்கொண்டே போகலாம். தாள் வாய் திறக்காது. கல்லூரியில் பேராசிரியர் திருத்தினார். வேலை முடிந்து வந்து தனியே உட்காருகிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் எண்ணை எடுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள்; ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். இப்படியே போனால் எந்த எண்ணும் கடைசியில் 1-க்கு வந்துவிடும் என்பது லோதார் கொலாட்ஸின் ஊகம். பத்தே வரியில் நிரல் எழுதிவிடலாம். 26 பத்துப் படியில் 1-ஐத் தொடுகிறது. அடுத்த எண்ணான 27, 9,232 வரை ஏறி, 111 படிகளுக்குப் பிறகுதான் 1-க்கு இறங்குகிறது. ஏன்? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் நீங்கள் கணிதத்துக்குள் வந்துவிட்டீர்கள். ஊகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

ஓட்டிப் பார்த்ததையே நிரூபணமாக நினைத்துவிடாதீர்கள். 1919-ல் ஜார்ஜ் போல்யா சொன்ன ஓர் ஊகம் 90 கோடியைத் தாண்டியும் சரியாகவே இருக்கிறது, 90,61,50,257-ல் உடைகிறது. இதனால்தான் நிரூபணத்தை நான் மேலாக வைக்கிறேன். அது கைகூடும் இரவு அபூர்வம். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக நிரல் எதையும் தந்ததில்லை.

தாள் சொல்லாததைச் சொல்லவும் இப்போது வழி இருக்கிறது. ‘லீன்’ என்ற மொழியில் நிரூபணத்தையே கோட் போல எழுதலாம். படி தவறினால் அங்கேயே நிறுத்தும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கெவின் பஸ்ஸார்ட் குழுவினர் அதைப் பழக ‘நேச்சுரல் நம்பர் கேம்’ என்ற விளையாட்டை உருவாக்கியிருக்கிறார்கள். இலவசம், பிரௌசரிலேயே ஆடலாம். தொடக்கத்தில் 2 + 2 = 4 என்று நிரூபிக்கச் சொல்லும். எளிது என்று தாண்டிவிடாமல் அதையும் செய்யுங்கள்.