துருத்திக்கு எதற்கு மோட்டார்?

சித்திரை நெருங்கினால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் தவறாமல் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டவர்கள் பரணில் கிடக்கும் ஆட்டுத்தோல் துருத்தியை இறக்கித் தூசி தட்டுகிற காலம் அது. “இந்தப் பழைய துருத்தியில் தண்ணீர் எங்கே ஏறுகிறது? மருந்தடிக்கிற பம்பை மாட்டு, சாமி தலைக்கு மேலே போகும்” என்று ஒருவர் சொல்கிறார். கேட்டவர் நாலு பேருக்குச் சொல்கிறார். திருவிழாவுக்குள் அது ஊரறிந்த உண்மை ஆகிவிடுகிறது. பிரஷர் கூடினால் தண்ணீர் தூரம் போகும், தூரம் போனால் நேர்த்திக்கடன் நிறைவாக முடியும் என்பதுதான் இந்தப் பேச்சின் சாரம். இதில் முதல் பாதி அரைகுறை அறிவு. இரண்டாம் பாதி அதுவும் இல்லை.

அழகர்கோவில் மலையடிவாரத்திலிருந்து கிளம்பும் கள்ளழகருக்கு மூன்றுமாவடியில் எதிர்சேவை. சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக்குதிரையில் வைகையில் இறங்குகிறார். பிறகு ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி. சல்லடமும் உருமாலும் கட்டிக் கருப்பசாமி வேடத்தில் வருகிறவர்கள் வழியெல்லாம் தண்ணீர் பீய்ச்சி வெயிலில் வருகிற அழகரைக் குளிர்விக்கிறார்கள். தொ. பரமசிவன் தம்முடைய ‘அழகர் கோயில்’ ஆய்வில் திரியெடுத்து ஆடுவோர், வர்ணிப்புப் பாடுவோர் ஆகியோருடன் துருத்திநீர் தெளிப்போரையும் தனியாகவே எடுத்துப் பேசுகிறார். அவ்வளவு வேரோடிய வழக்கத்தில்தான் இப்போது மோட்டாரை நுழைக்கிறார்கள். 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, விசைப்பம்பு கூடாது, மரபுப்படி தோல் பையில்தான் பீய்ச்ச வேண்டும் என்று சொல்லவேண்டி வந்தது. அதன் பிறகும் பேச்சு ஓயவில்லை. தொனி மட்டும் மாறியிருக்கிறது. “சட்டம் வேண்டாம் என்கிறது, மற்றபடி பம்பு நல்ல பம்புதான்” என்கிறார்கள். நல்ல பம்புதான், வயலுக்கு. இந்த வேலைக்கு அது உதவாது என்பதைச் சட்டத்தைத் தொடாமலே காட்டிவிடலாம்.

துருத்தி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல்தான் அதைக் குறை சொல்கிறோம். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் இருந்தால் தண்ணீர் 10 மீட்டர் ஏறும். மேல்நிலைத் தொட்டிக்கும் துருத்திக்கும் இது ஒரே கணக்குதான். நிரம்பி விறைத்து நிற்கும் தோல் பையில், உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது சுமார் 100 சதுர சென்டிமீட்டர் இடத்தில், 25 கிலோ பாரத்துக்கு ஈடாகக் கையை அழுத்திப் பாருங்கள். உள்ளே கால் கிலோ அழுத்தம் பிறக்கும். தண்ணீர் குழாய் முனையிலிருந்து இரண்டரை மீட்டர், எட்டடி, எழும்பும். முனையை நெஞ்சளவில் பிடித்திருந்தால் தரையிலிருந்து பன்னிரண்டு அடி. சாய்த்துப் பீய்ச்சினால் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் போகும். காற்றும் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் குதிரை வாகனத்தில் இருக்கிற சாமிக்கு இது தாராளம். இதே பை பாதி காலியாகித் தொளதொளவென்று தொங்கும்போது என்ன ஆகிறது? அழுத்துகிற கை பையோடு சேர்ந்து அமுங்குகிறது. அதே 25 கிலோ 300 சதுர சென்டிமீட்டரில் பரவிவிடுகிறது. அழுத்தம் மூன்றில் ஒன்றாகிறது, தண்ணீர் முக்கால் மீட்டர் எழும்பிக் காலடியில் விழுகிறது. “பழைய துருத்தியில் ஏறவில்லை” என்பவர்கள் கண்டது இதைத்தான். பை வற்ற வற்றப் பின்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்து விறைப்பைக் காப்பாற்ற வேண்டும், இல்லையென்றால் மறுபடி நிரப்ப வேண்டும். கைப்பக்குவத்தில் இருக்கிற கோளாறுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் கருவி வாங்குவது என்ன நியாயம்?

சரி, வாங்கிவிட்டார்கள். அந்தப் பம்பு என்ன செய்கிறது? முதுகில் மாட்டும் பேட்டரி தெளிப்பானின் முனை எதற்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். மருந்து இலை முழுக்கப் படியவேண்டும் என்பதற்காகத் தண்ணீரைச் சுழற்றிப் பொடிப்பொடியாக உடைப்பதே அதன் வேலை. பொடித் துளிக்குக் காற்றைக் கிழித்துப் போகிற வலு கிடையாது. நாலடி போவதற்குள் தளர்ந்து, அடிக்கிற காற்றோடு பக்கத்து ஆள் முகத்தில் படியும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்டத் துளி இன்னும் பொடியாகும். அதாவது பிரஷர் கூடினால் தூரம் குறைகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்ததாக அந்த முனையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாயில் அடிக்கிறார்கள். அங்கேயும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பெட்டியில் 4 கிலோ, 5 கிலோ என்று அச்சிட்டிருப்பது வாயை அடைத்து வைத்தால் பம்பு காட்டும் உச்ச அழுத்தம். இந்த ரகச் சின்னப் பம்பு நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் ஓட்டையில் அந்த 4 லிட்டர் வெளியேற அரைக் கிலோ அழுத்தம்கூடத் தேவைப்படாது. அதற்கு மேல் பம்பில் அழுத்தம் நிற்கவும் நிற்காது. நாலு கிலோ என்று நம்பி வாங்கியவருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு. பையை விறைப்பாக வைத்திருக்கிற நல்ல கை அதில் பாதிக்கு மேலே தானாகவே கொடுத்துவிடும்.

இதற்கும் அசராதவர்கள் ஓட்டையை 2 மில்லிமீட்டராகச் சுருக்குகிறார்கள். இப்போது வேகம் வருகிறது, உண்மைதான். அதே 4 லிட்டர் அந்தச் சின்ன ஓட்டை வழியாக நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் பாயும். படுகிற இடத்தில் அழுத்தம் கைத்துருத்தியைப் போல ஒன்பது மடங்கு. ஆனால் ஊசி போன்ற தாரை காற்றில் வெகுதூரம் ஒன்றாக நிற்பதில்லை, உடைந்து சிதறிவிடும். தூரத்தில் இருக்கிற சாமிக்குப் போய்ச் சேர்வது தூறல். முழு அடியையும் வாங்குகிறவர் முன்னால் நிற்கிறவர். அவர் கண்ணைத் திறந்துகொண்டு சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெட்ரோல் பவர் ஸ்பிரேயரைக் கொண்டுவருகிறவர்களோடு எனக்கு வாதமே இல்லை. அது தண்ணீர் பீய்ச்சுவதில் சேராது, லாரி கழுவுவதில் சேரும்.

“கூட்டத்தில் கிட்டே போக முடியவில்லையே, தூரத்திலிருந்து அடிக்கப் பிரஷர் வேண்டாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் எளிது. அழகர் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டுத் திரும்புகிறவர் இல்லை. போகும்போதும் வரும்போதுமாக நானூற்றுக்கு மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று போகிறார். பதினைந்து அடி தூரத்துக்கு வருகிற வாய்ப்பு ஒரு மண்டகப்படியில் இல்லாவிட்டால் அடுத்ததில் இருக்கிறது. எல்லோரும் ஆற்றுக்குள்தான் அடிப்பேன் என்று அடம்பிடித்தால் எந்தப் பம்பும் உதவாது. வாகனத்தைச் சுமக்கிறவர்களும் மேலே நிற்கிற பட்டர்களும் கண்ணைத் துடைக்கக் கை ஒழியாத நிலையில் இருக்கிறார்கள். சுமக்கிறவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓரடி தடுமாறினால் வாகனமே சாயும். 2022 ஏப்ரல் 16 அன்று ஆற்றிறங்கும் நேரத்து நெரிசலில் 2 பேர் உயிரிழந்தார்கள். அதற்கும் துருத்திக்கும் தொடர்பில்லை. ஆனால் அப்படிப்பட்ட கூட்டத்தில் நூறு பேரை ஒரே நேரத்தில் கண் மூடவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு நாள் போதும்.

இன்னொரு வாதம் கொஞ்சம் சூட்டோடு வரும்: “மைக் செட் வந்தது, சீரியல் லைட் வந்தது, மோட்டார் மட்டும் மரபுக்கு ஆகாதா?” மரபு மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றம் எந்த வேலைக்காக என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். துருத்தியை மேம்படுத்த வேண்டுமா, தாராளமாகச் செய்யலாம். பின்னாலிருந்து முன்னால் மெல்லச் சுருங்கி வருகிற, உட்புறம் வழுவழுப்பாகக் கடைந்த பித்தளை முனை ஒன்றைப் போடுங்கள். தாரை உடையாமல் போகும், தீயணைப்புக் குழாயின் முனை அப்படித்தான் இருக்கிறது. வாய்ப்பக்கம் வடிதுணி கட்டுங்கள். தையலுக்கு மெழுகு தேய்த்த நூல் போடுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு பம்பின் விலையில் சிறு பங்குதான், பலனோ அதைவிட அதிகம்.

மற்ற நம்பிக்கைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். தோலுக்கு எண்ணெய் எவ்வளவு போட்டாலும் நல்லது என்பது தவறு. விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வெளிப்பக்கம் மெல்லிசாகத் தடவினால் போதும். ஊற்றி ஊறவைத்தால் தோல் தொய்ந்து சிக்கு வாடை பிடிக்கும், பீய்ச்சுகிற தண்ணீரோடு எண்ணெயும் அழகரின் பட்டில் போய் விழும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் பூச்சி அண்டாது என்பார்கள். தோலில் இருக்கிற கொழுப்பும் போய்விடும், அடுத்த வருஷம் வெடிப்பு வரும். நனைந்த துருத்தியைக் கத்திரி வெயிலில் தகரக் கூரைமேல் போட்டால் சீக்கிரம் காயும் என்பது உண்மை. சுருங்கி விறகு மாதிரி ஆவதும் உண்மை. பதனிடாத தோல் ஈரத்தோடு 60 டிகிரியைத் தாண்டினாலே சுருண்டுவிடும், பதனிட்டது இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். உள்ளே காற்றை ஊதிக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். தோல் கறுத்தால் அழுகிவிட்டது என்று தூக்கி எறிகிறவர்களும் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் கறுக்கத்தான் செய்யும், பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து மையாகிறது. இரும்புக் குழாயைக் கழற்றிப் பித்தளையை மாட்டினால் முடிந்தது. பன்னீரும் சந்தனமும் கலந்தால் தண்ணீருக்குச் சிறப்பு என்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பன்னீர் பெரும்பாலும் செயற்கை வாசனை, கண்ணில் பட்டால் எரியும். சந்தனமும் மஞ்சளும் முனையை அடைக்கும். அழகர்மலை நூபுர கங்கைத் தீர்த்தம் பிடித்துவைத்தால் எத்தனை நாளானாலும் கெடாது என்ற நம்பிக்கையின் புனிதத்தை நான் தொடவில்லை, தோல் பையைத்தான் சொல்கிறேன். எந்தத் தண்ணீரானாலும் அதில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் கெடும். ஏற்கெனவே பூச்சிமருந்து அடித்த தெளிப்பானைக் கழுவிவிட்டுக் கொண்டுவருவதை நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது, அது பொறுப்பின்மை.

பிரஷருக்கே திரும்புவோம். உலகில் இந்தப் பிரஷர் சிக்கலைச் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். மரங்களுக்கும் மாடுகளுக்கும் சாயப் புள்ளி வைப்பதற்காக அமெரிக்காவில் செய்த துப்பாக்கியை வைத்து 1981-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெயின்ட்பால் விளையாட்டு தொடங்கியது. சாய உருண்டையின் மேலோடு ஜெலட்டின். தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜனிலிருந்து எடுப்பது, நம் துருத்தித் தோலுக்கு உறவுதான். அங்கேயும் பிரஷரைக் கூட்டினால் குறி தப்பாது என்று ஒரு கூட்டம் நம்புகிறது. கூட்டினால் உருண்டை குழலுக்குள்ளேயே உடைந்து சாயம் அப்பிக்கொள்ளும், எதிரில் நிற்பவருக்குக் காயம் ஆகும். அதனால் ஆட்டத்துக்கு முன்பே வேகமானியில் சுட்டுக்காட்டச் சொல்கிறார்கள். நொடிக்கு 300 அடி என்பதுதான் பரவலான உச்சவரம்பு. தாண்டினால் திருகாணியைத் தளர்த்திவிட்டு வரவேண்டும். முகக்கவசம் இல்லாமல் களத்துக்குள் கால் வைக்க முடியாது. உபகரணத்தின் பிராண்டு என்ன, பழையதா புதியதா என்ற ஆராய்ச்சியெல்லாம் இல்லை. வேகம் ஒன்றுதான் கணக்கு.

நமக்கு வேகமானிகூட வேண்டாம், ஒரு மூங்கில் கம்பு போதும். தண்ணீர் எழும்புகிற உயரமே அழுத்தத்தின் அளவு என்பதால் பத்தடி எழும்பினால் 0.3 கிலோ, அதற்கு மேல் போனால் கையல்லாத ஏதோ ஒன்று தள்ளுகிறது என்று பொருள். பதினைந்தடி மூங்கிலில் ஐந்தாவது அடியில் ஒரு வெள்ளைக் கோடு, உச்சியில் ஒரு சிவப்புத் துணி. முனையை வெள்ளைக் கோட்டருகே வைத்து நேர் மேலே பீய்ச்சச் சொல்லுங்கள், சிவப்பைத் தாண்டினால் கருவியை வாங்கி வையுங்கள். பையைத் திறந்து சோதிக்கவேண்டாம், போலீஸ்காரர் பக்தரோடு வாக்குவாதம் செய்யவேண்டாம், தோலா ரெக்சினா என்ற பஞ்சாயத்தும் வேண்டாம். மூன்றுமாவடியில் இரண்டு, தல்லாகுளத்தில் இரண்டு, ராமராயர் மண்டபத்தின் வாசலில் நாலு என்று எட்டு மூங்கில் நட்டால் பெரும்பாலான கருவிகள் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அழகர்கோவில் தேவஸ்தானமும் மாவட்ட நிர்வாகமும் இதை வருகிற சித்திரைக்கே செய்துபார்க்கட்டும். அதுவரை, நேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பம்பு வாங்க வைத்திருக்கிற பணத்தில் பித்தளை முனை ஒன்றைக் கடைந்து வாங்குங்கள், பையை நிரம்ப நிரப்புங்கள், பதினைந்து அடிக்குள் வந்த பிறகு அழுத்துங்கள்.