குழுவாக வேதம் வாசிக்க எந்தத் திட்டம்?

புத்தாண்டு உற்சாகத்தில் ஜெபக்குழுக்கள் பலவும் கையில் எடுப்பது ஓராண்டில் முழு வேதாகமம். கணக்கு எளிதுதான். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் முடிந்துவிடும். ஆனால் ஜனவரி முடிவதற்குள் லேவியராகமம் வந்துவிடும். பலிகள், தோல்நோய்ச் சட்டங்கள் என்று போகும்போது பலர் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள்.

புதிய குழுவுக்கு என் சிபாரிசு, புதிய ஏற்பாடு மட்டும். 260 அதிகாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று, 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. அந்த இடைவெளி இல்லாத திட்டத்தைத் தொடவே வேண்டாம். ஒரு வருஷம் நீளம் என்றால் மாற்கு சுவிசேஷம்: 16 அதிகாரம், வாரத்துக்கு இரண்டு, இரண்டே மாதம்.

குழுவில் கத்தோலிக்கர்களும் இருந்தால், அவர்களது விவிலியத்தில் 73 நூல்கள். அட்டவணை போடும் முன்பே பேசிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போடுவது வாசித்ததற்கு அத்தாட்சி ஆகாது (எல்லோருக்கும் தெரிந்ததுதான்!). புரியாத ஒரு வசனத்தின் எண்ணைப் போடச் சொல்லுங்கள்; வாரக் கூட்டத்தில் அதை வைத்தே பேசலாம். அந்த இரண்டு நாளில் பிடிக்க முடியாத அளவுக்குப் பின்தங்கியவர்கள் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டாம், இன்றைய பகுதியிலிருந்தே சேர்ந்துகொள்ளட்டும்.