மணிக்கட்டில் ஒரு கயிறு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கடைவீதியில் வளையல், பாசிமணிகளோடு வண்ணக் கைக்கயிறுகளும் தொங்குவதைக் காண்கிறோம். வண்ணம் பிடித்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கயிற்றைக் காப்பாகக் கட்டுவது பல நாட்டு வழக்கம். 1959-க்குப் பின் இந்தியாவில் அடைக்கலம் புகுந்த திபெத்தியருக்கு மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் ஒரு குடியிருப்பு அமைந்தது. அம்மக்களின் மரபில், லாமா கயிற்றில் முடிச்சிட்டு, மந்திரம் ஓதி, அதன்மேல் ஊதித் தருவார். அது தானாக இற்று விழும்வரை பலர் கழற்றுவதில்லை. அவர்களுடைய ஐந்து வண்ணங்களுள் நீலம் வானையும், வெள்ளை காற்றையும், சிவப்பு தீயையும், பச்சை நீரையும், மஞ்சள் நிலத்தையும் குறிக்கும்.

நம் ஊர்த் திருவிழாக்களிலும் மஞ்சள் தோய்த்த நூலைக் கட்டிக் காப்பு அணிவர். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை நோன்பு காப்பார். பண்டைத் தமிழர் குழந்தைகளுக்கு ஐம்படைத்தாலி அணிவித்ததும் காவலுக்காகவே.

இயற்பியல் பயிலும் நமக்கு இக்கயிறு ஒரு நல்ல பாடம். ஒரே திசையில் முறுக்கிய இரு புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால், ஒன்று பிரிய முயல்வதை மற்றொன்று தடுக்கும். முடிச்சை அவிழாமல் நிறுத்துவது உராய்வு. சாயம் சில அலைநீள ஒளியை உட்கவர்ந்து எஞ்சியதைத் திருப்புவதால் வண்ணம் தோன்றுகிறது. அவ்வண்ணத்துக்குப் பொருள் கற்பிப்பவன் மனிதனே.

அவன் கற்பித்த பொருள் எப்போதும் நல்லதாக இல்லை. நம் தென் மாவட்டப் பள்ளிகளில் கயிற்றின் நிறம் சாதியின் அடையாளமாயிற்று. இதைத் தடுக்கப் பள்ளிக்கல்வித் துறை 2019-இல் சுற்றறிக்கை விடுத்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் பள்ளி மாணவர்களாலேயே வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றோர், பெயருக்குப்பின் ஒரு பட்டம் வேண்டுமென்று வந்தவர்கள். பெயரைக் கேட்குமுன் மணிக்கட்டைப் பார்க்கும் பழக்கம் இங்கேயும் தொடர்ந்தால் அப்பட்டத்தால் என்ன பயன்? தோழர்களே! காவலுக்கென்று பிறந்த கயிறு இது. பக்கத்தில் அமர்ந்திருப்பவனை அஞ்ச வைக்குமானால் அதை நாமே அவிழ்த்துவிடுவோம்.