புட்டிக்குள் எவ்வளவு நிம்மதி இருக்கிறது?

நம்பிக்கைகளும் உண்மைகளும்: நறுமண எண்ணெய்கள்

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம் கேட்கும். இங்கே தைக்கும் நைட்டிகளும் உள்பாவாடைகளும் பல ஊர்க் கடைகளுக்குப் போகின்றன. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு மெஷினை விட்டு எழுந்தால் வருமானம் குறையும். தீபாவளி நெருங்கிவிட்டால் ராத்திரி, பகல் கிடையாது. கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும், தலை கனக்கும். இதற்கெல்லாம் கைக்கெட்டும் வைத்தியம் தைலம்தான். ஊருக்கு வந்த சொந்தக்காரர் கொடுத்துவிட்டுப் போன கோடாலித் தைலம், இல்லாவிட்டால் பெட்டிக்கடையில் வாங்கிய அமிர்தாஞ்சன்.

இப்போது இந்த வரிசையில் ‘எசென்ஷியல் ஆயில்’ என்ற சின்னப் புட்டியும் சேர்ந்திருக்கிறது. லாவெண்டர் முகர்ந்தால் கவலை போகும், எலுமிச்சை முகர்ந்தால் சோர்வு போகும், யூகலிப்டஸ் முகர்ந்தால் மூளை விழிக்கும் என்று செல்போன் வீடியோக்கள் சொல்கின்றன. பெயர் புதிது என்றாலும் சரக்கு நமக்குப் பழக்கமானதுதான். மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் எல்லாம் கோடாலித் தைலத்திலேயே இருக்கின்றன. ஆகவே கேள்வி புதிய புட்டிக்கும் பழைய புட்டிக்கும் பொதுவானது. இவற்றால் என்ன நடக்கும், என்ன நடக்காது?

நம்பிக்கை 1: எண்ணெய்தானே? நல்லெண்ணெய் மாதிரி அப்படியே தேய்த்துக்கொள்ளலாம்.

உண்மை: நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொழுப்பு. நறுமண எண்ணெயில் கொழுப்பே கிடையாது. இலை, பூ, வேர், பட்டை ஆகியவற்றில் உள்ள, காற்றில் பறக்கும் வேதிப்பொருள்களைப் பெரும்பாலும் நீராவியால் பிரித்தெடுத்த செறிவு அது. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டையும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய் விட்ட இடத்தில் கறை நிற்கும். தூய நறுமண எண்ணெய் விட்ட இடம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இந்தச் செறிவை நேரடியாகத் தோலில் வைத்தால் எரிச்சல் வரலாம். அதைவிடத் தொல்லை ஒவ்வாமை. ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு ஆயுசுக்கும் அந்தப் பொருள் ஆகாது. அதனால்தான் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்து நூற்றில் ஒன்று, இரண்டு பங்கு என்ற அளவில் பூசச் சொல்கிறார்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு ஒன்று அல்லது இரண்டு சொட்டு, அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி வெயில். லாவெண்டரில் உள்ள லினலூல், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனீன் ஆகிய இரண்டும் காற்றும் சூடும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, தோலுக்கு ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறுகின்றன. தகரக் கொட்டகையில், ஜன்னல் ஓரத்தில், மூடி சரியாக மூடாமல் இரண்டு வருஷம் கிடந்த புட்டியைக் குப்பையில் போடுவதே நல்லது. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயையும் பெர்கமாட் எண்ணெயையும் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். விருதுநகர் மாவட்டத்து வெயிலுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை 2: லாவெண்டர் முகர்ந்தால் மன அழுத்தம் தீர்ந்துவிடும்.

உண்மை: மணத்துக்கும் மனநிலைக்கும் தொடர்பு இருப்பது நிஜம். மூக்கிலிருந்து போகும் நரம்புச் செய்தி, உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. தாழம்பூ வாசம் பட்டதும் பாட்டி வீடு ஞாபகத்துக்கு வருவது அதனால்தான்.

ஆனால் ஞாபகம் வருவது வேறு, நோய் தீர்வது வேறு. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியமான 56 பேருக்கு எலுமிச்சை எண்ணெய், லாவெண்டர் எண்ணெய், வெறும் தண்ணீர் மூன்றையும் முகரக் கொடுத்துச் சோதித்தார்கள். எலுமிச்சை மணம் மனநிலையைச் சற்று உற்சாகப்படுத்தியது. அவ்வளவு பேர் பெற்ற லாவெண்டரால் அதுகூட முடியவில்லை. மன அழுத்த ஹார்மோன், நோய் எதிர்ப்புத் திறன், தோல் காயம் ஆறும் வேகம், வலி தாங்கும் அளவு என எதிலும் இரண்டு எண்ணெய்களாலும் முன்னேற்றம் இல்லை.

லாவெண்டருக்குச் சாதகமாகவும் ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெயை அளந்து அடைத்த மாத்திரை மருந்தாக விற்பனையில் இருக்கிறது. பதற்ற நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் அது லோரஸெபாம், பராக்ஸெட்டின் ஆகிய மருந்துகளோடு ஒப்பிடும் அளவுக்குப் பலன் தந்தது. வீடியோக்காரர்கள் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அந்தச் சோதனைகளில் கொடுத்தது தரம் கட்டுப்படுத்திய மாத்திரை. அதை வாரக்கணக்கில் தினமும் விழுங்கினார்கள். யாரும் கைக்குட்டையில் தெளித்து முகரவில்லை. மாத்திரையின் பலனை முகர்வதற்கு வரவு வைப்பதும் தவறு, மாத்திரை இருக்கிறதே என்று புட்டி எண்ணெயைக் குடிப்பது அதைவிடத் தவறு.

நம்பிக்கை 3: நெற்றியில் தைலம் தேய்ப்பது வெறும் மனத்திருப்தி.

உண்மை: படித்தவர்கள் அதிகம் சொல்லும் நம்பிக்கை இது. இதுவும் முழுச் சரியில்லை. 1996இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஹார்ட்முட் கோபெல் குழுவினர், கழுத்தும் தலையும் இறுகி வரும் தலைவலிக்கு, ஆல்கஹாலில் 10 சதவீதம் கலந்த புதினா எண்ணெயை நெற்றியிலும் பொட்டிலும் பூசிப் பார்த்தார்கள். 1,000 மில்லிகிராம் பாராசிட்டமால் எவ்வளவு வலியைக் குறைத்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு இதுவும் குறைத்தது. நாள் முழுக்கக் குனிந்து தைப்பவருக்கு வருவது பெரும்பாலும் இந்தவகைத் தலைவலிதான். ஆகவே தைலம் தேய்த்துக்கொள்ளும் தையல்கார அக்காவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? புதினா எண்ணெயின் முக்கியப் பொருள் மெந்தால். குளிர்ச்சியை உணரும் நரம்பு முனையில் உள்ள புரத வாயிலை மெந்தால் திறந்துவிடுகிறது. வெப்பமும் தொடுதலும் நமக்கு எப்படித் தெரிகின்றன என்று கண்டுபிடித்ததற்காக 2021இல் மருத்துவ நோபல் பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூடியன் இருவருமே இந்த வாயிலை அடையாளம் காண மெந்தாலைத்தான் பயன்படுத்தினார்கள். தோல் உண்மையில் குளிர்வதில்லை, குளிர்ந்ததாக மூளை நம்புகிறது. மூக்கடைப்பும் இப்படித்தான். மெந்தால் முகர்ந்ததும் அடைப்பு விட்டதாகத் தோன்றும். காற்றோட்டத்தை அளந்து பார்த்தால் மாற்றம் இருக்காது.

நம்பிக்கை 4: தைலம் உள்ளே இறங்கி உடம்பு வலியை இழுத்துவிடும்.

உண்மை: குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருபவர், உடம்பே லேசாகிவிட்டது என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தச் சுகத்தில் பெரும்பங்கு தேய்த்த கைக்கும் அடித்த அருவிக்கும் வேலையை மறந்து கிடந்த அந்த ஒரு நாளுக்கும் உரியது. இறுகிய தசையை அழுத்தித் தளர்த்துவது கை. அந்தக் கை வழுக்கிப் போக உதவுவது எண்ணெய். அதற்குச் செக்கு நல்லெண்ணெயே போதும். வாசனை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், விலையை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 5: சுத்தமான மல்லிகை எண்ணெய், சிகிச்சைத் தரம் என்று லேபிளில் போட்டிருக்கிறதே!

உண்மை: மல்லிகையை நீராவியில் வடித்தால் அந்த வாசம் அப்படியே கிடைக்காது. பூவைக் கரைப்பானில் ஊறவைத்துத்தான் வாசத்தை எடுக்கிறார்கள். ஒரு கிலோ சாறு எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை என்னவென்று பூக்கடையில் கேட்டுவிட்டு, நூறு ரூபாய்க்கு விற்கும் ‘நூறு சதவீத மல்லிகை எண்ணெய்’ புட்டியைப் பாருங்கள், கணக்கு இடிக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் செயற்கை வாசனை. அறையில் மணக்க அது போதும், ஆனால் மல்லிகைக்கு உண்டான பலன் என்று அதில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

‘சிகிச்சைத் தரம்’ என்பது எந்த அரசும் கொடுக்கும் முத்திரை இல்லை, விற்பவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட பட்டம். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ, லாவெண்டர், சந்தனம் முதலிய எண்ணெய்களுக்குத் தர அளவுகோல் வகுத்திருக்கிறது. அது எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, எந்த நோய் தீரும் என்று சொல்வதில்லை. லாவெண்டரின் பெருமைக்குரிய லினலூல் நம் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் முதன்மைப் பொருள்தான். அதற்காக மல்லித்தூளைத் தூக்க மருந்து என்று யாரும் விற்பதில்லை.

நம்பிக்கை 6: இயற்கைப் பொருள்தானே, கெடுதல் வராது.

உண்மை: ஏழு நம்பிக்கைகளில் ஆபத்தானது இதுதான். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று, தென்னிந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. நறுமண எண்ணெயோடு தொடர்புடைய வலிப்பு கண்ட 55 பேரை அவர்கள் பதிவு செய்தார்கள். அதில் 33 பேர் ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்கள். மீதி 22 பேருக்கு வலிப்பைக் கொண்டுவந்ததே எண்ணெய்தான். காரணமாக நின்றவை யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்த தயாரிப்புகள். வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் இந்த இரண்டையும் ஒதுக்கி வைப்பதே நல்லது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நீலகிரித் தைலத்தை ஒரு டீஸ்பூன் விழுங்கினால்கூடச் சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். சளி பிடித்தால் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி மார்பில் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதைச் செய்யக் கூடாது. புட்டியைக் குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். புட்டியோடு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பஞ்சுத் தூசியில் வேலை பார்த்து இழுப்பு உள்ளவர்கள் ராஜபாளையம் மில் பக்கத்திலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிப் பக்கத்திலும் இருப்பார்கள். ஜன்னல் சாத்திய சின்ன அறையில் டிஃப்யூசர் வைத்து மணக்க மணக்கத் தூங்குவது அவர்களுக்கு இழுப்பைக் கூட்டக்கூடும்.

வாசனை வந்தால் கிருமி சாகும் என்ற எண்ணமும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் நான்கு வெவ்வேறு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற மண்கிருமி நோய் வந்தது. இருவர் இறந்தார்கள், அதில் ஒருவர் சிறுவன். கடைசியில் காரணம் பிடிபட்டது. இந்தியாவில் தயாராகி அங்கே விற்பனையான, லாவெண்டர் எண்ணெய் கலந்த அறை ஸ்பிரே ஒன்றில் அந்தக் கிருமி உயிரோடு இருந்தது. அக்டோபரில் சுமார் 3,900 புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். பிழை லாவெண்டருடையது இல்லை, தயாரிப்பில் கிருமி கலந்ததுதான். ஆனால் உள்ளே போன கிருமியை வாசனை எண்ணெய் கொல்லவில்லை என்பதும் சேர்ந்தே நிரூபணமானது.

நம்பிக்கை 7: அசதிக்குத் தைலம் போதும், டாக்டர் எதற்கு?

உண்மை: ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடி ஓடித் தைப்பதால் வரும் அசதி என்று நினைத்துத் தைலம் தேய்க்கும் பெண்களில் எத்தனையோ பேருக்குக் காரணம் ரத்தத்தில் இருக்கலாம். தைராய்டு குறைபாடு, சர்க்கரை, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மாதவிடாயில் அதிகப் போக்கு, இரவு ஷிஃப்டால் கெட்ட தூக்கம், வெளியே சொல்லாத மனச்சோர்வு என எல்லாமே முதலில் அசதியாகத்தான் தெரியும். மணம் அந்த அசதியை அரை மணி நேரம் மறக்க வைக்கும். மறந்த நேரத்தில் காரணம் வளரும். நறுமண எண்ணெயால் நேரும் பெரிய நஷ்டம், அது தள்ளிப்போடவைக்கும் அந்த மருத்துவப் பரிசோதனைதான்.

ஹீமோகுளோபின் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்க 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. மனசு கனத்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை.

மெஷினில் உட்காருபவருக்கு இன்னும் சில. முதுகு சாயும்படி நாற்காலி, ஊசி முனையில் விழும் வெளிச்சம், மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிஷ நடை, எட்டும் தூரத்தில் தண்ணீர். இவற்றில் பாதி முதலாளி மனது வைத்தால்தான் நடக்கும். கூலி குறையாமல் எழுந்து நடக்க விடுவதும், கழிப்பறையைச் சுத்தமாக வைத்துத் தண்ணீர் குடிக்கப் பயமில்லாமல் செய்வதும், மேசைக்கு மேசை லாவெண்டர் வைப்பதைவிட அதிக அசதியைக் குறைக்கும்.

புட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தலைவலிக்கு நெற்றியில் கொஞ்சம் தைலம், மனசு மாற்றத்துக்கு எலுமிச்சை வாசம், வலித்த தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு கை எல்லாம் இருக்கட்டும். ஆனால் அசதி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, படி ஏறினால் மூச்சு வாங்கினாலோ, எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, அடுத்த புட்டி வாங்குவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.